சுந்தரதாஸ் வைத்த சிவப்பு

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜபாய்க்கு நாற்பத்துமூன்று வயது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏர் ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறி ரைபிள் கிளப்புக்குப் போவாள். இலக்குத்தாளில் ஈ உட்கார்ந்திருந்தால் அதன் மீசையை மட்டும் சுட்டு எடுப்பாள். ஈக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்டவள் போன வருஷம் மாவட்டத் தேர்வில் மூன்று புள்ளியில் கோட்டைவிட்டாள்.

காரணம் டிரிகர். துப்பாக்கி கணவர் சுந்தரதாஸுடையது. அவர் மஸ்கட்டுக்குப் போய் நான்கு வருஷம். புறப்பட்ட அன்று காலை, உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி எடுத்துப்போடும் பானையிலிருந்து இரண்டு பிடி அரிசி அள்ளித் துணிப்பையில் கட்டினார். குண்டு போடாத துப்பாக்கியை அவள் நிமிர்த்திப் பிடிக்க, பையை டிரிகரில் தொங்கவிட்டார். அந்த எடைக்குச் சரியாக 'டிக்' என்று விடும்படி ஸ்குரூவைத் திருகி, அது அசையாதிருக்க அவளுடைய நெயில்பாலிஷில் ஒரு சொட்டு வைத்தார். அந்தச் சிவப்பைக் கண்டால் பாறசாலையில் ரயில் நின்றுவிடும். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். எல்லாப் பாசஞ்சரும் நிற்கத்தான் செய்கிறது.

அவர் பிடி பெரியது. அவள் கைக்கு அந்த இரண்டு பிடி மூன்று பிடிக்கும் மேல். விரல் இழுத்து முடிப்பதற்குள் குழல் ஒரு மயிரிழை விலகிவிடும்.

"எக்கா, அரைச் சுற்று திருப்பினா தீந்துது" என்றாள் கிளப்புத் தோழி லேகா.

"அதத் தொடப்பிடாது. வேற டிரிகர் வாங்கி மாட்டுதேன்."

"ஒரு ஸ்குரூவத் திருப்ப மனசில்லாம ஆராவது புதுசு வாங்குவாவளா? தொட்டா வெடிக்குமோ?"

"வெடிக்கும். நீ தள்ளி நில்லு மக்கா."

வாங்குமுன் பார்க்கலாமென்று கிளப்பில் இரண்டு டிரிகர்களை இரவல் கேட்டாள். சிஜு கொடுத்தது அரைப்பிடி அரிசிக்கே விட்டுவிட்டது. தும்மல் வரப்போகிறது என்று நினைத்தாலே அது சுட்டுவிடும். லேகா கொடுத்தது வேறு மாதிரி. விரலோடு கொஞ்ச தூரம் இளகி வந்து, ஓரிடத்தில் நின்று, இனி உன் இஷ்டம் என்று காத்திருக்கும். அதற்கு அவள் கையால் இரண்டு பிடி அரிசி போதும். பத்துக் குண்டுக்கு முழுப் புள்ளி நூற்றொன்பது; சிஜுவுடையதில் தொண்ணூற்றைந்து எடுத்தாள், லேகாவுடையதில் நூற்றிரண்டு.

அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டி, இந்த வருஷத் தேர்வில் அணியில் இடம்பிடித்தாள். அன்று சாயங்காலமே வீடியோவில் சொன்னாள்.

"எட்டி, பழசையே கொஞ்சம் எளக்கியிருக்கலாமே?" என்றார் சுந்தரதாஸ்.

"எளக்கிட்டுத் திரும்ப வைக்கணும்னா ஒங்க பிடி இங்க உண்டா? எனக்க கையில அள்ளினா அது வேற அளவாக்கும்."

மஸ்கட்டில் அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ஈஸ்டருக்கு லீவு உண்டுன்னு சொல்லியிருக்காவ."

"கிறிஸ்மஸுக்கும் அப்படித்தான் சொன்னாவ. பழசு அரிசிப்பானையில கெடக்கு. வந்து நீங்களே திருப்புங்க."

மாதத்தின் முதல் ஞாயிறு பானையைக் கவிழ்த்து அரிசியைச் சபைக்குக் கொடுக்கிறாள். டிரிகர் மட்டும் வெறும் பானைக்குள் திரும்பப் போகிறது. மறுநாள் உலை கொதிக்கும்போது முதல் பிடி அதன்மேல் விழுகிறது. சிவப்பு இன்னும் உரியவில்லை.