இரண்டாவது கழுவல்

வெள்ளைத் துணிக்குள் கரும்பச்சையாக ஒரு கட்டி. விரல் பட்டால் தயிர்போல உதிரும். விவசாய மிஸ்ஸை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதுதான். பால்மா கடைகளில் இல்லாமற்போன வருடம் அது. சோளகக் காற்று தொடங்கி, கடலுக்குப் போகாமல் வள்ளங்கள் கரையேறியிருந்தன. தாராபுரத்துக்கு அருகே நான் படிப்பித்த முன்பள்ளியில், பிள்ளைகள் வெறுந்தேநீரோடு வந்து பத்து மணிக்குள் மேசையில் தலைசாய்த்துவிடுவார்கள். மிஸ் அரசாங்க விவசாயக் கந்தோரில் போதனாசிரியர், என் வயதுதான். மாடுகளுக்கென்று கந்தோர் வளவில் விதைத்த குதிரைமசாலில் ஒரு கட்டு அரிந்துகொண்டு ஒருநாள் பள்ளிக்கு வந்தார். வெந்தயம்போல மூன்று மூன்று இலை.

அந்த இலையில் புரதமும் இரும்பும் நிறைய உண்டு, ஆனால் நாரோடு தின்றால் பிள்ளை வயிறு தாங்காது என்றார். அதனால் இலையை இடித்துச் சாறு பிழிந்து, கொதிக்கப்போகும் பதம்வரை சூடாக்குவோம். புரதம் திரண்டு மேலே வரும். துணியில் வடித்து, அந்தக் கட்டியைத் தேசிக்காய் பிழிந்த புளித்தண்ணீரில் இரண்டு தரம் கழுவுவோம். அதே இலையில் சவர்க்காரம்போல நுரைக்கிற கசப்புப் பொருளும் இருக்கிறது. பூச்சி தின்னாமலிருக்கச் செடி தனக்கென்று வைத்திருப்பது. “செடி எங்களுக்காக வளரேல்லை, ரீச்சர். அது தன்னைக் காப்பாத்தத்தான் பாக்கும். கழுவுறது எங்கட வேலை” என்பார். உழுத்தம்மாவும் பனங்கட்டியும் சேர்த்து உருட்டி, பிள்ளைக்கு ஒன்று கொடுத்தோம். மாட்டுச் சாப்பாடு என்று சிரித்த தாய்மாருக்கு முன்னால் மிஸ் தானே முதல் உருண்டையைத் தின்றார். மாயமொன்றும் நடக்கவில்லை. ஆனால் பத்து மணிக்குப் பிறகும் எங்கள் பள்ளியில் பாட்டுச் சத்தம் கேட்டது.

ஒரு கிழமை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரவில்லை. மிஸ் வயல் வேலையாகக் கட்டுக்கரைப் பக்கம் போயிருந்தார். நான் தனியே செய்தேன். இருந்த ஒரு வாளித் தண்ணீரில் ஒருதரம் மட்டும் கழுவினேன். நாக்கில் வைத்தபோது கசந்தது. கசப்பு தெரியாமலிருக்கப் பனங்கட்டியைக் கூட்டினேன். அன்று நான்கு பிள்ளைகள் தின்றதையெல்லாம் சத்தியெடுத்தார்கள். பின்னேரத்துக்குள் தெளிந்துவிட்டார்கள் என்றாலும், மறுநாள் வாசலில் தாய்மார் நின்றார்கள். சேதி கேட்டு மிஸ்ஸும் திரும்பி வந்திருந்தார். மேலிடத்து அதிகாரி ஒருவரும் தட்டச்சு செய்த கடிதத்தோடு வந்திருந்தார். இந்த இலை மனிதருக்கு நஞ்சு, தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்று அதில் இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்திட்டால் விடயம் முடிந்துவிடும் என்றார்.

நான் கையெழுத்திட்டேன். என் வேலையை நினைத்தேன். வேறு சாட்டு இல்லை. மிஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“கழுவினதில பிழையெண்டு எழுதுங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். இலை நஞ்செண்டு எழுதினால் வைக்கமாட்டன்.”

யார் கழுவியது என்று அதிகாரி கேட்டார். “செய்யச் சொன்னது நான்தான்” என்றார் மிஸ். நான் தலையைக் குனிந்து கடிதத்திலிருந்த என் கையெழுத்தையே பார்த்தேன். அதிகாரி குரலை உயர்த்தினார், வேலை போகும் என்றார். மிஸ் பேனையை மூடிக் கடிதத்தின்மேல் வைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த ஒரு தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் இலுப்பைக்கடவைக்கு இடமாற்றம் வந்தது. குதிரைமசால் பாத்தியை உழுதுவிட்டார்கள். பிள்ளைகள் பழையபடி மேசையில் தலைசாய்த்தார்கள்.

இந்த வருடம்தான் இலுப்பைக்கடவைக்குப் போகும் தைரியம் வந்தது. மிஸ் முற்றத்தில் கதிரை போட்டுத் தேநீர் தந்தார். ஒருதரம்தான் கழுவினேன் என்று சொன்னேன்.

“தெரியும். மிச்சக் கட்டியை அண்டைக்கே நக்கிப் பாத்தனான்.”

“பிறகேன் சொல்லேல்லை, மிஸ்?”

“அது நீங்கள் சொல்லவேண்டியது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அந்த அதிகாரியின் கந்தோருக்கே போனேன். அவர் இடம் மாறிப் போயிருந்தார், கோப்பு இருந்தது. பிழை என்னுடையது, இலையினுடையதல்ல, என் கையெழுத்தை மீளப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதுவினைஞர் வாசித்துவிட்டு, இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதற்கு, வேலைக்குப் பிரச்சினை வருமே என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“வரட்டும்” என்றேன். “கிடைச்சதெண்டு சீல் குத்தி ஒரு பிரதி தாங்கோ. மிஸ்ஸுக்கு அனுப்பவேணும்.”