செருமல் கேட்கும் பெட்டி

பூங்காவனம் தலையணையின் வாயைப் பிரித்து உள்ளே கைவிடுகிறார். வெளியே வருவது பஞ்சு அல்ல, ஓர் இசைத்தட்டு. முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறார். காஜா பெராங் வட்டாரத்தில் மெத்தை தைப்பவர் அவர். வீட்டிலுள்ள ஒவ்வொரு தட்டுக்கும் மிச்சத் துணியில், இருபுறமும் இலவம் பஞ்சு வைத்து உறை தைத்திருக்கிறார். விருந்தாளி யாராவது தலைசாய்க்கப் போனால் அலறுவார்: "ஐயோ, அது பாட்டு! தள்ளிப் படுங்க!"

தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஊசியைப் பல்லில் கடித்தபடியே ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுவார்.

சாவி முடுக்கும் பழைய கிராமபோன் உடைந்ததிலிருந்து வீட்டில் தகராறு. மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்குள், வானொலியும் தட்டுச் சுழலியும் ஒன்றாயிருக்கும் ரேடியோகிராம் வந்தாக வேண்டும். அன்றைய ஒலிபரப்பைக் கேட்கத் தெருவே வரப்போகிறது. முனிசிபல் லோரி ஓட்டும் கணவர் தம்பிராஜா, கண்ணாடிக் கதவும் பித்தளைக் கால்களுமாக அலமாரி போன்ற ஒன்றைக் கண்டுவைத்திருந்தார். பூங்காவனத்துக்கு ஒரே நிபந்தனை: செருமல் கேட்க வேண்டும்.

முன்பு தெங்கேராவில் ஒரு கல்யாண வீட்டில் அவருடைய தட்டு ஒன்றைப் போட்டார்களாம். "பாடறவரு மூச்சு வாங்குறாரு பாரு, அந்த எடத்துல பிடில்காரரு மெதுவா 'க்கும்'ங்கிறாரு. பக்கத்துல ஒக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு தங்கச்சி!" என்று அதே தெருக்காரியான என்னிடம் சொல்வார்.

வீட்டுக் கிராமபோனில் அது ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு வந்த எவரோ சளி பிடித்து இருமியிருப்பார் என்பது தம்பிராஜாவின் கட்சி. தெருவும் அவர் பக்கம்தான். "உன் காதுக்குள்ளயும் பஞ்சு போயிடுச்சு" என்று சிரிப்பார்கள்.

கடைசியில் பேசி முடித்தார்கள். பண்டார் ஹிலிர் கடைகளில் எந்தப் பெட்டியிலாவது செருமல் கேட்டால் அதுவே வீட்டுக்கு வரும். இல்லையென்றால் கண்ணாடிக் கதவு. வெளியூரிலிருந்து ஊர் திரும்பிய பிறகும் வீட்டில் கால் தரிக்காத நான், கூடவே கிளம்பினேன்.

தலையணையை அணைத்தபடி நுழைந்தவரைப் பார்த்து முதல் கடைக்காரர் கேட்டார்: "தூங்க வந்தீங்களாம்மா?" அங்கே செருமல் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. மூன்றாவதாக யூசுப் பாய் கடை. தம்பிராஜாவின் கண்ணாடிக் கதவு அங்கேதான் இருந்தது. பாட்டு அதில் பிரமாதமாக ஒலித்தது. செருமல் மட்டும் வரவில்லை.

"முடிஞ்சுது லா," என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார் தம்பிராஜா. "ஏத்தச் சொல்லட்டா?"

பூங்காவனத்தின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் மூலையில், மெருகு மங்கிய குட்டை ரேடியோகிராம் ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"பாய், அந்தக் குள்ளன்லயும் ஒரு வாட்டி போடுங்க."

"அது பார்க்க லட்சணமா இருக்காதுக்கா. யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்குறேன்ல?"

முள் இறங்கியது. தம்பிராஜா சலிப்போடு தெருவைப் பார்த்து நின்றார். பாடகர் மூச்சு வாங்கினார். ஒரு சின்ன 'க்கும்'.

தம்பிராஜா திரும்பினார். "என்ன பாய், தொண்டை கட்டிக்கிச்சா? சுடுதண்ணி குடிங்க."

"நான் எங்க செருமினேன்?" என்றார் யூசுப் பாய்.

 பாய் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நானும்தான்.

"இல்ல பூங்கா... இருந்தாலும் அந்தக் கண்ணாடிக் கதவு..." என்று இழுத்தார் தம்பிராஜா.

பூங்காவனம் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒலிக் குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். வாசலில் போன மூன்றுசக்கரத் திரிஷாக்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் குமிழ் திரும்ப மறுக்கும் வரை பூங்காவனம் திருகினார்.