இடியக்காவும் இருபது வாட்டும்

தெருவில் அவளுக்கு இடியக்கா என்று பெயர். எதிர்வீட்டுக்காரரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் அடுத்த தெருக்காரர் "சௌக்கியம்" என்பார். பாவம், அது அவள் குற்றமில்லை. டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். தகட்டின் மேல் அச்சு இறங்க இறங்க, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின: குருவி, சாவிக்கொத்து, கணவரின் பேச்சு.

கணவர் நூலகர். வாயைத் திறந்தால் பக்கம் புரட்டுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். "உஷ்" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற மனிதருக்கு இடியை முடிச்சுப் போட்டவர்கள் நல்ல வேடிக்கைக்காரர்களாக இருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒத்துத்தான் போனது, ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கலாக.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய பாட்டு நேரம். அண்ணன் சின்ன வீட்டுக்குக் குடிபோனபோது, இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தங்கைக்குத் தந்துவிட்டுப் போனான். ஆம்ப்ளிஃபயர் மட்டும் இல்லை. வாங்கப் போன கடையில் நூலகர் இருப்பதிலேயே சின்னதைத் தொட்டுக் காட்டினார். "இதுவே தாராளம். சின்னதா இருந்தாதான் பெட்டிக்கும் பாதுகாப்பு" என்றார். பெட்டியைவிடத் தன் காதின் பாதுகாப்புதான் அவர் மனதில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் சண்டை வேண்டாம் என்று தலையாட்டி வைத்தாள்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. இருபது வாட் ஆம்ப், அத்தனை பெரிய பெட்டிகளை என்ன செய்துவிடும்? அவள் வால்யூமைக் கடைசிவரை திருகுவாள். போதாது. உச்சஸ்தாயியைக் கூட்டுகிற ட்ரெபிளையும் கடைசிவரை திருகுவாள். பாட்டு கரகரத்து, பல்லைக் கூசவைத்து, ஒருநாள் இரண்டு பெட்டிகளிலும் மேலே இருந்த ட்வீட்டர்கள் எரிந்துபோயின. உச்சஸ்தாயிச் சத்தம் போடுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் இல்லாவிட்டால் பாட்டில் வெறும் தொம் தொம்தான். பழுது பார்த்துக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் எரிந்தன.

மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு, அதாவது நூலகரின் அக்காவுக்கு, இது போதுமானதாக இருந்தது. "அந்தக் கத்து கத்தவிட்டா எரியாம என்ன செய்யும்? வித்துத் தொலைங்க. அந்த இடத்துல பீரோ வைக்கலாம். ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வரேன்" என்றாள். நூலகர், "அக்கா சொல்றதும் சரிதானே" என்றார்.

வாரம் முழுக்க எல்லோரும் இடியக்காவுக்கு வாயசைக்கிறவர்கள்தான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு மனிதக் குரல் முழுசாகக் காதுக்கு வரும் என்று காத்திருப்பாள். அதுவும் போகப்போகிறது. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். அழுகைதான் வந்தது அவளுக்கு.

விற்பதென்றாலும் பாடுகிற நிலையில் இருக்க வேண்டுமே. சனிக்கிழமை மதியம் நூலகர் ட்வீட்டர்களை எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனார். புது ட்வீட்டர்களோடு திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி மேல தப்பில்ல" என்றார்.

"என்னது?"

"உன் மேலயும் தப்பில்லன்னு சொல்றேன்."

"கொஞ்சம் வாயைத் திறந்துதான் சொல்லுங்களேன்!"

நினைத்திருந்தால் "ஒண்ணுமில்ல" என்று நகர்ந்திருக்கலாம். மறுநாள் பெட்டிகள் போயிருக்கும், வீடும் இன்னொரு நூலகமாகியிருக்கும். மனிதர் அப்படிச் செய்யவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த குரல் மொத்தத்தையும் எடுத்தார்.

"சின்ன ஆம்ப்தான் எரிச்சிருக்கு! நான் பொறுக்கின ஆம்ப்! தப்பு என்னுது!"

தெருவே கேட்டது. மாடிப்படியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "தம்பி, நீயா கத்தினே?"

அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. ஆனால் ஆரம்பித்ததை விடவில்லை. "பெரிய ஆம்ப் நிதானமா தர்ற சத்தத்தை, சின்னது மூச்சு முட்டித்தான் தருமாம். சக்திக்கு மேல திருகினா சத்தத்தோட அலையில தலையையும் காலையும் வெட்டிடுமாம். அந்தக் கரகரப்பு முழுசும் ட்வீட்டர் தலையிலதான் விடியும். பாதுகாப்புன்னு நான்தான் இதைக் கட்டிக்கொடுத்தேன்."

"ஆக, எனக்குப் பெருசா ஒண்ணு வேணும்ங்கிறீங்க?"

"வேணும்!" அதையும் கத்தித்தான் சொன்னார்.

அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள். கிளம்பும் முன் நூலகர் பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்ததைப் படித்தார்: மின்தடை நாலு ஓம், தாங்கும் சக்தி நூறு வாட். கடைக்காரரை அவர் கேட்ட கேள்விகளில் அந்த ஆள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார். "எட்டு ஓமுக்குப் போட்ட கணக்கு வேணாம், நாலு ஓம்ல எவ்வளவு தரும்? நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாதா?" மூச்சு முட்டாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதலாகவே, நாலு ஓமில் நூற்றைம்பது வாட் தருகிற ஒன்று வீட்டுக்கு வந்தது.

"இருபதுக்கே எரிஞ்சுது. நூத்தம்பதுக்கு வீடே எரியும்" என்றாள் நாத்தனார். "எரிஞ்சா நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வித்துடறேன்" என்றார் நூலகர்.

ஞாயிறு காலை நாத்தனார் ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி வந்தாள். "கரண்ட்ல தண்ணி ஊத்துவீங்களா அண்ணி?" என்று இடியக்கா கேட்டதற்கு, "உன் தலையில ஊத்தறதுக்கு" என்றாள்.

இடியக்கா ட்ரெபிளை நடுவில் வைத்துப் பாட்டைப் போட்டாள். வால்யூமைக் கால்வாசி திருகினாள். ஜன்னல் கண்ணாடி முனகியது. இன்னும் கொஞ்சம். டம்ளருக்குள் கரண்டி ஆடியது, உள்ளங்காலில் மிருதங்கம் ஏறியது. குமிழ் பாதியைக்கூடத் தொடவில்லை! கரகரப்பு மருந்துக்கும் இல்லை. நூலகர் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். மரவாசனைதான் வந்தது. மூன்றாவது பாட்டில் நாத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான்காவதில் அவள் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பார்த்தீர்களா, ஆள் கூட்டிவர மறந்தே போய்விட்டாள்!

ஐந்தாவது, இடியக்காவுக்கு மனப்பாடமான பாட்டு. பாடகி பல்லவியை முடித்தாள், வாத்தியங்கள் அடங்கின. சரணம் தொடங்கும் முன் இடியக்கா துள்ளி எழுந்தாள்.

"மூச்சு வாங்குறா! பாடறதுக்கு முன்னால மூச்சு வாங்குறா, கேட்டீங்களா?"

அவர்கள் இருவரும் அதை என்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவள்தான் எத்தனையோ வருடங்களாகக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், ஜெயித்தவள் சிரிக்கிற சிரிப்பு.

நூலகர் ஆம்ப்புக்குப் பக்கத்தில் போய்க் குமிழில் கை வைத்தார். "இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?" என்று கத்தினார்.

"வேணாங்க" என்றாள் இடியக்கா. "எல்லாம் கேக்குது."