முழங்கால் தண்ணீரில் சோதித்த கேமராப் பெட்டி

மண்டபம் கடலுக்குப் போய் வந்ததிலிருந்து பட்டறையில் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நம் சம்பளத்தில் தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற கேமரா வாங்க முடியுமா? என் சம்பளம் நானூற்று இருபது ரூபாய். முடியாது. ஆனால் படம் எடுக்க முடியும். எடுத்த கதையை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன், அடுத்துப் போகிறவர்கள் நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும்.

போனது இந்த எண்பத்து மூன்று மார்ச் மாதம். கூட வந்தவன் ஆரோக்கியராஜ். பாலக்கரைக்காரன், ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். போன வருடமே கண்ணாடி முகமூடி, மூச்சுக்குழாய் சகிதம் மண்டபம் போய், பவளப் பாறை பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. இந்தத் தடவை படத்தோடுதான் வருவது என்று முடிவு செய்தோம்.

முதலில் பர்மா பஜார். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ஜப்பான் கேமரா இருந்தது. தண்ணீரில் போட்டால் மிதக்கும், பதினைந்து அடி வரை தாங்கும் என்றார் கடைக்காரர். விலை ஆயிரத்து எண்ணூறு, பில் கிடையாது. அதற்கான சிறிய ஃபிலிமைத் திருச்சியில் கழுவித் தருகிற ஸ்டூடியோ இல்லை. நாலு மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கி, ஃபிலிம் கழுவ மதராஸுக்கு ஆள் அனுப்புகிற வசதி இருப்பவர் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு அதையே வாங்கலாம்.

இரண்டாவது வழி, சாதாரணக் கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைப்பது. பெட்டி ஆரோக்கியராஜ் பொறுப்பு. போர்டு எழுதுகிற கடையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகள் பதினெட்டு ரூபாய்க்குக் கிடைத்தன. ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, நான்கு மூலையிலும் திருகாணி. பட்டனை அமுக்க ஒரு கம்பி, அது நுழையும் ஓட்டையில் வால்வு டியூப். எல்லாம் சேர்த்து முப்பத்தொரு ரூபாய்.

உள்ளே வைக்கக் கேமரா? தொண்ணூறு ரூபாய்க்குப் பழைய பெட்டிக் கேமரா ஒன்று மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு கடையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட நல்ல ஜப்பான் கேமரா ஒன்று முசிறியில் அக்கா வீட்டு பீரோவில் சும்மா கிடக்கிறது என்பது நினைவில் இருந்துகொண்டே இருந்தது.

அது எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ரிட்டயர் ஆன பணத்தில், கல்யாணத்தன்று மாப்பிள்ளை கழுத்தில் மாட்டிவிட்டார். மச்சானுக்கு அரிசி வியாபாரம். அதில் அவர் மூன்று வருடத்தில் இரண்டு ரோல் எடுத்திருந்தால் அதிகம். ஆனால் அதை வேறு யாரும் தொடக் கூடாது. அக்காவும் தொடக் கூடாது. அவர் கை ஓங்குகிறவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அனுசரித்துப் போ என்று சொல்லி அனுப்பியவர்களும் நாங்கள்தான்.

அவர் நெல் பிடிக்க ஆந்திரா பக்கம் பத்து நாள் போகிறார் என்று கேள்விப்பட்டதும் முசிறிக்குப் போய்க் கேட்டேன். அக்கா என்னை இருக்கச் சொன்னாள். பிறகு மாமியார் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் பீரோவைத் திறந்து, கேமராவை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அடுத்த ஞாயிறு வருகிறார், சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பெட்டியில் தண்ணீர் புகாது, நான் பொறுப்பு என்றேன். அவள் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாங்கள் கிளம்புவது புதன்கிழமை. கணக்கு சரியாக இருந்தது.

அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சோதிக்கக் கிளம்பினோம். பாலக்கரையில் காலை ஆறு பத்துக்குப் பஸ், காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறை வரை ஒரு டிக்கெட் அறுபது பைசா, முக்கால் மணி நேரம். மார்ச்சில் காவிரி எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரை மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது. பாதி ஆறு மணல். படித்துறையை ஒட்டி ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு. ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவு. சோதனைக்கு இதைவிட நல்ல தண்ணீர் ஏது என்று ஆரோக்கியராஜ் சொன்னான், நானும் தலையாட்டினேன்.

பெட்டிக்குள் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு மூடித் தண்ணீரில் வைத்தோம். அது அமுங்க மறுத்தது. உள்ளே காற்று இருந்தால் மிதக்கத்தானே செய்யும். இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு அது தோன்றவில்லை என்பதை இன்றும் சொல்லிக் காட்டுகிறேன். எதிரே கடையில் ஒரு கிலோ படிக்கல் இரண்டை இரவல் வாங்கி உள்ளே போட்டதும் அடங்கியது. பத்து நிமிடம் அமுக்கிப் பிடித்தோம். திறந்தால் தாள் மொரமொர என்று இருந்தது.

நாங்கள் இதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்துப் படியில் வேறொன்று நடந்தது. குளிக்க வந்த ஒரு குடும்பத்தின் மோதிரம் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதை எடுத்துக் கொடுத்தவர் செல்லமுத்து. எங்கள் வயதுதான். ஆற்றில் விழுந்த பொருளை எடுப்பது அவருக்குத் தொழில், ஆள் முழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோதிரத்தை அவர் கையில் நீட்டவில்லை, படியில் வைத்தார். அவர்கள் அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ரூபாயையும் படியிலேயே வைத்தார்கள். இதில் இரு தரப்பிலும் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.  அவர்கள் ஊற்றிக் கழுவிய அதே தண்ணீரில்தான் செல்லமுத்து கால் மணி நேரம் நின்று தேடியிருந்தார்.

நான் துண்டைப் பிரித்துக் கேமராவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஃபிலிம் போட்டாகிவிட்டது, முதல் படம் காவிரி மீன் என்று பேச்சு. ஆரோக்கியராஜ் மூன்று திருகாணியை முடுக்கிவிட்டான். செல்லமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எங்கே போகப் போகிறது இது என்று விசாரித்தார். சொன்னோம்.

"எம்புட்டுத் தண்ணியில வச்சுப் பாத்தீங்க?"

"இதோ, இங்கதாங்க."

"கடல்ல மீனு முழங்கால் தண்ணிக்கு வந்து நின்னு போஸ் குடுக்குமாங்க?" என்றார். ஆரோக்கியராஜ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "கீழ போகப் போகத் தண்ணி நெருக்கும். காதே வலிக்கும். உங்க டியூப் ரப்பர் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. அதை எடுத்துட்டுக் குடுங்க, காட்டுறேன்."

கேமராவை வெளியே எடுத்தோம். பழைய தாளைத் திரும்பப் போட்டு மூடிக் கொடுத்தோம். மணலில் கால் மைல் நடந்து ரயில் பாலத் தூண் ஒன்றின் அடிக்குக் கூட்டிப்போனார். வெள்ளக்காலத்தில் தண்ணீர் சுழன்று தோண்டிய மடு, கோடையிலும் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். போன ஆடியில் இங்கேதான் ஒரு காலேஜ் பையனை எடுத்தேன் என்று, பஸ் நிறுத்தத்தைக் காட்டுகிற மாதிரிக் காட்டினார். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழுகினார். நான் கேமராவைச் சுற்றிய துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் நிமிடம் இருக்கும்.

மேலே வந்தபோது பெட்டியில் கால் பங்கு தண்ணீர். தாள் கூழாகிப் படிக்கல்லில் ஒட்டியிருந்தது.

ஆரோக்கியராஜ் ரப்பரை இரட்டையாகப் போட்டால் சரியாகிவிடும், புதன்கிழமைக்குள் செய்துவிடலாம் என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால் உள்ளே வைக்க இந்தக் கேமரா வேண்டாம் என்றேன். செல்லமுத்துவுக்கு இரண்டு ரூபாயைக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றே சத்திரம் பஸ் நிலையத்தில் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தேன். முசிறிக்கு நாற்பது கிலோமீட்டர், மூன்று ரூபாய் நாற்பது பைசா, ஒன்றேகால் மணி நேரம். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன், மூன்று திருகாணி முடுக்கியதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நனைஞ்சிருந்தா என்ன சொல்றதுன்னு அன்னிக்கே யோசிச்சு வச்சுட்டேன்டா," என்றாள்.

என்ன என்று கேட்டேன்.

"தூசி தட்டுறேன்னு எடுத்து, நான்தான் தொட்டியில தவறவிட்டேன்னு. உன் பேரு வந்தா அவரு திருச்சிக்கே வந்துடுவாரு. என்னையத் திட்டுனா இந்த வீட்டோட போச்சு."

பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் பொறுப்பு என்று அன்றைக்கு நான் சொன்னதை அவள் ஏன் காதில் போட்டுக்கொள்ளாமல் பீரோவைப் பூட்டினாள் என்று பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது.

மிச்சம் சுருக்கமாக. திங்கட்கிழமை தொண்ணூறு ரூபாய்க் கேமராவை எண்பத்தைந்துக்கு வாங்கினேன். ரப்பர் இரட்டையானது, திருகாணி நான்கு எட்டானது. ஜீயபுரத்தில் பட்டறை நண்பர் ஒருவரின் பம்ப்செட் கிணற்றில் கயிறு கட்டி இருபது அடிக்கு இறக்கி அரை மணி வைத்தோம். காய்ந்தே வந்தது. மண்டபத்துக்கு ரயில் கட்டணம் இருபது ரூபாய்க்குள், அரை நாள் படகு இருபத்தைந்து, இருவருக்கும் சேர்த்து. பன்னிரண்டு படத்தில் ஏழு வெறும் பச்சை. நான்கில் ஏதோ தெரிகிறது. ஒன்றில் பவளப் பாறையும் அரை மீனும் சுத்தமாக விழுந்திருக்கின்றன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்திலிருந்து இரண்டு வரைதான் வெளிச்சம் போதும். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீரில் இறங்கியதும் உள்ளே ஆவி படியும். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் படியாது. இரண்டு கிலோவுக்குக் குறையாமல் எடை வேண்டும். போகிற ஆழத்துக்கு ஒன்றரை மடங்கு ஆழத்தில் சோதியுங்கள்.

கேமராவை இரவல் வாங்கவும் வழி இருக்கும். யாராவது கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன் அது நனைந்தால் அடி யாருக்கு விழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லை என்றால், பழைய பெட்டிக் கேமரா போதும்.