நாட்டின் பெயர் இல்லாத கல்

போன மாதம் அப்பா இறந்த அன்று நானும் தம்பியும் சண்டை போட்டோம். சொத்துக்காக இல்லை... போஸ்டருக்காக.

மலையாள ஊருக்குள் தமிழர்கள் வாழும் எங்கள் ஆரியசாலையில் ஒருவர் இறந்தால், கொஞ்ச நேரத்தில் தெருமுனைச் சுவரில் படத்தோடு அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். அது தமிழில்தான் இருக்க வேண்டும் என்றேன் நான். கடைசிவரை கடை போர்டைத் தமிழில் வைத்திருந்த மனிதர் ஆயிற்றே! தம்பி குமார் மலையாளம் என்றான். அவன் படித்தது மலையாளம். கட்டியது மலையாளிப் பெண்ணை.

"எம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே அக்கா. தாத்தா போஸ்டரை அதுங்க வாசிக்க வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். என் காதில் ஏறினால்தானே? 'போதும்' என்பதற்கு அவன் 'மதி' என்பான். சின்ன வயதிலிருந்து திருத்திக்கொண்டே இருக்கிறேன். அந்த எரிச்சலெல்லாம் சேர்ந்து, "நீ அப்பாவுக்குப் பிள்ளையே இல்லடா" என்று சொல்லிவிட்டேன். அப்பாவை நடுவீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு! இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சத்தம் கேட்டு, மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரர் பியர் இறங்கி வந்தார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் இன்ஜினீயர். பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்ட அல்சாஸ்தான் அவருக்குச் சொந்த ஊர். சண்டை எதற்கென்று தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஆயுசுக்குள் நான்கு முறை கொடி மாறிய ஊராம் அது. வீட்டில் பேசியது ஜெர்மன் சாயலுள்ள சொந்த மொழி. பள்ளியில் அதைப் பேசினால் தண்டனை. இரண்டாம் உலகப் போரில் அவர் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சு உடுப்பில் செத்தார். பிறகு ஊரைப் பிடித்த ஜெர்மனி, தாத்தாவின் தம்பியைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்துப் போனது. அவர் செத்தது ஜெர்மன் உடுப்பில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

பிரான்சில் மற்ற ஊர்களின் நினைவுக் கற்களில் 'நாட்டுக்காக இறந்தவர்கள்' என்று இருக்குமாம். இவர் ஊர்க் கல்லில் நாடே கிடையாது. 'எங்கள் இறந்தவர்களுக்கு' – அவ்வளவுதான்.

"எந்த நாட்டை எழுதினாலும் ஒரு பிள்ளை வெளியே நிற்பான்" என்றார் பியர், ஆங்கிலத்தில், மெதுவாக.

நான் வெளியே தள்ளிய பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

போஸ்டர் அச்சடிக்கும் பிரஸ்காரர் வாசகம் கேட்டு மூன்றாவது முறையாக போன் செய்தார். தம்பி எடுத்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எழுத்தே வேண்டாம் அக்கா. அப்பா முகம் மதி. இந்தத் தெருவுல யாருக்கு அதைத் தெரியாது?"

நான் திருத்தவில்லை.

"மதிடா" என்றேன்.