கெட்டிக்காரப் பிள்ளை தானாகப் படிச்சுக்கும்

என் மகளுக்குப் பாடசாலையில் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். ‘மாணவ வழிகாட்டி’ என்று எழுதியிருந்தது. பெற்றோர் கூட்டத்தில் அதிபர் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டையில் அதைக் குத்திவிட்டு, “திறமையான புள்ளைங்களுக்குன்னே நம்ம ஸ்கூல்ல தனி வேலைத்திட்டம் ஆரம்பிச்சிருக்கோம்” என்று மைக்கில் சொன்னார். தனி வேலைத்திட்டமாம்! நானும்தான் கை தட்டினேன்.

அவள் அப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் புலி. அவளுடைய அப்பா தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அவர் கிளம்பிய நேரத்தையும் லொறியின் வேகத்தையும் வைத்து மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு, “அப்பா இப்ப நாலந்த ஊரைத் தாண்டியிருப்பாரு” என்பாள். நான் போன் எடுத்துக் கேட்டால், மனுஷன் நாலந்தவைத் தாண்டித்தான் இருப்பார்.

அந்தத் தவணையில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. கணக்கில் திறமையான பிள்ளைகளுக்கு மாத்தளை டவுனில் சனிக்கிழமைகளில் விசேட வகுப்பு. காசு கட்டத் தேவையில்லை. ஒரு தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால் போதும். எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒன்று எப்போதாவதுதான் வாய்க்கும். மகள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதையே பேசிக்கொண்டிருந்தாள். “அம்மா, அங்க போனா பெரிய பெரிய கணக்கெல்லாம் படிச்சுக் குடுப்பாங்களாம்!”

ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். அன்றைக்கு லீவு, அதனால் எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பில் அவளுடைய கதிரை காலி. “அவ நாலாம் வகுப்புல இருக்கா ஆன்ட்டி” என்றது ஒரு பிள்ளை. போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகள் சோக்குக்கட்டியுடன் கரும்பலகைக்கு முன்னால் நின்று பெருக்கல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் பெரியவர்கள் யாருமே இல்லை. நாலாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போன நாளிலிருந்து இதுதானாம் நடப்பு. இதற்குத்தான் அந்தப் பேட்ஜ். என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் கையும் தட்டியிருக்கிறேன்!

நேராக அதிபரின் அறைக்குப் போனேன்.

“உக்காருங்கம்மா” என்றார். “இது தலைமைத்துவப் பயிற்சி. உங்க புள்ளைக்குத்தான் நல்லது.”

“அவ பாடத்தை யாரு சேர் படிச்சுக் குடுக்கிறது?”

“கெட்டிக்காரப் புள்ளதானே? தானாப் படிச்சுக்கும். படிக்காத புள்ளைங்களையும் நாங்க பாக்கணும்லம்மா.”

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் சோறு வேண்டாம், தானாக வயிறு நிறையும் என்று யாராவது சொல்வார்களா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பக்கத்து அறை டீச்சர்மார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில் அவளை அவளுடைய வகுப்புக்கே அனுப்புவதாக அதிபர் சொன்னார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தவளிடம், “இன்னைக்குக் கணக்குல என்ன படிச்சீங்க?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. கணக்கு சேர் வேற ஸ்கூலுக்கு மாறிப் போய் இது ரெண்டாவது தவணை. இன்னும் யாரும் வரல. அந்த நேரம் பேசாம இருக்கச் சொல்வாங்க. நாலாம் வகுப்புல கணக்காவது இருந்திச்சு.”

“இதை ஏன்டி எங்கிட்ட முதல்லயே சொல்லல?”

“நீங்க கத்துவீங்க.”

கத்தத்தான் செய்தேன். ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? வலய அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், கணக்கு ஆசிரியர் வெற்றிடம் இருப்பது தங்களுக்கும் தெரியும் என்றார்கள். டியூஷனுக்கு அனுப்பலாம் என்றால், தமிழில் கணக்கு வகுப்பு டவுனில்தான். அது முடிகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே அதிபர் சொன்னபடியே பிள்ளை தானாகப் படித்தாள். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சமன்பாடுகளோடு முட்டி மோதினாள். இது சரியா என்று என்னிடம் காட்டினால் நான் என்ன கண்டேன்? அவளுடைய அப்பாவும் என்ன கண்டார்?

தெரிவுப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்தபோது அவளுடைய பெயர் இல்லை. போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வலய அலுவலகத்துக்குப் போனேன். கணக்குக்குப் பொறுப்பான மேடம் நல்ல மனுஷி. விடைத்தாளைத் தேடி எடுத்து ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துப் பார்த்தார்.

“கஷ்டமான கணக்கெல்லாம் செஞ்சிருக்கா. ஆனா சமன்பாட்டுல ஒரு எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனா கூட்டல் கழித்தலா மாறணும். இவ மாத்தல. எல்லாத்துலயும் இதே பிழைதான். யாராச்சும் ஒரே ஒரு தடவை சொல்லிக் குடுத்திருந்தாப் போதும்மா.”

ஒரே ஒரு தடவை. பாடசாலை என்று ஒன்று எதற்காக இருக்கிறது? மகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதானா மேடம்?” என்று கேட்டாள்.

அடுத்த கிழமை அதிபர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சமாதானம் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

“செலக்ட் ஆகலன்னு கவலப்படாதீங்கம்மா” என்றார். “இனி சனிக்கிழமை மக சும்மாதானே இருக்கும்? நாலாம் வகுப்புப் புள்ளைங்க ரொம்பப் பின்தங்கிப் போச்சு. வந்து கொஞ்சம் படிச்சுக் குடுக்கச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்து நின்றாள். அதிபருக்கு முன்னால் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை.

“நான் வர்றேன் சேர்” என்றாள். “ஆனா நான் பிழையாப் படிச்சுக் குடுத்தா, அந்தப் புள்ளைங்களுக்கு அதை யாரு சேர் சொல்வாங்க?”