பாய்மரப் படகின் கியர்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒன்றரை வருடம் ஒரு பாய்மரப் படகு நின்றது. கடலிலிருந்து எங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிப்பார்கள். படிக்கட்டும். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டோரம், நான்கு லாரி டயர்களின் மேல், மூக்கை மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு அது நின்றது.

கொண்டுவந்தவர் எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர். ஒரு ஐப்பசியில் எங்கள் ஊர் ஏரி தளும்புவதைப் பார்த்துவிட்டு உற்சாகமாகப் புதுச்சேரிக்குப் போனவர், படகு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சித்திரை. ஏரிக்குள் இரண்டு கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. மனிதர் கலங்கவில்லை. அடுத்த மழைக்குக் காத்திருந்தார். சாயந்திரங்களில் அப்பாவையும் படகில் ஏற்றி உட்காரவைத்து, காற்று எப்படி வரும், பாயை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அப்பா வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் கிளார்க். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். மழைக்கு முன்னால் அவருடைய ஊரிலிருந்து கடிதம் வந்தது, தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று. படகை அப்பாவுக்கே கொடுத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு அம்மாள் முன்பக்கத்தில் குங்குமம் வைத்துவிட்டு, இது எந்தச் சாமியோட வாகனம் என்று கேட்டாள். அக்கா சிரிக்காமல், "வெள்ளைக்கார சாமிங்க" என்றாள். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு அந்த மனை வேண்டியிருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே மோர்க்கடை போட வேண்டும் என்பது அவள் கனவு. படகை விற்றே ஆகவேண்டும் என்று நின்றாள். ஆசிரமத்துப் பக்கம் காபிக்கடை வைத்திருந்த ஒருவர் மூலமாக, புதுச்சேரியில் படகு விடுகிற ஆள் ஒருவர் அடுத்த மாதம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: எதுவரைக்கும் ரிப்பேர் செய்து விற்பது?

விற்கப்போகிற பொருளுக்கு எதற்குப் பவிசு, துடைத்துக் கொடுத்தால் போதும் என்றாள் அம்மா. அவளுடைய தம்பி, என் மாமா, பஸ்களுக்கு டிங்கரிங் வேலை செய்கிறவர். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டினால் பார்க்கிறவன் அசந்துபோவான் என்றார். படகு மரம், மாமாவுக்குத் தெரிந்தது தகரம். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அப்பா எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பை டயர் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலப் படகில் ஏறி உட்காருவார். இறங்கும்போது, இந்தக் கயிற்றை மாற்றணும் என்பார். கயிறு மாற்றினால், பாயில் ஒரு தையல் விட்டிருக்கிறது என்பார். தையல் போட்டால் வேறொன்று.

"ரிப்பேரு முடிஞ்சா விக்கலாம் மச்சான். நீங்க முடியவே விட மாட்றீங்களே" என்று மாமா சலித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டிரம்மில் கலர் பொடி கரைத்த விவகாரத்துக்குப் பிறகு அப்பா வேலூர் ஹாஸ்டல் ஒன்றின் விண்ணப்பம் வாங்கிவந்து காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தார். இன்னொரு புகார் வந்தால் அதைப் பூர்த்தி செய்வதாக ஏற்பாடு. காலண்டரில் தேதி கிழிக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும். என் ஆயுளையே கிழிப்பதுபோல இருக்கும்.

படகு எனக்கு டவுன் பஸ். நடுவில் ஒரு பலகை செங்குத்தாகத் துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் கியர். ஒரு மத்தியானம் செங்கம் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கியர் விழவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். கியர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. என் உயரத்துக்கு இருந்தது. அது இருந்த இடத்தில், தபால் பெட்டி வாய்போல நீளமாக ஒரு ஓட்டை. குனிந்து பார்த்தால், கீழே தரையிலிருந்து ஒரு கோழி என்னை அண்ணாந்து பார்த்தது.

படகின் அடியையே பெயர்த்துவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பச் செருகிப் பார்த்தேன், போகவில்லை. தலைகீழாகச் செருகியிருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி மாட்டுக்கொட்டகைப் பரணில், விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியது, மூன்றாவது தடவை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் மாமா ஓட்டையைக் கண்டுபிடித்தார். "அடி பொளந்துகிச்சி மச்சான். அதான் அந்தாளு வுட்டுட்டு ஓடியிருக்கான்." குடும்பமே டயர்களுக்கு நடுவில் குனிந்தது. வாங்க வருகிறவரிடம் சொல்வதா வேண்டாமா என்று அம்மா கவலைப்பட்டாள். தகரம் வைத்து ஆணி அடித்து, மேலே தார் பூசிவிட்டால் தண்ணீர் என்ன, காற்றுகூட நுழையாது என்று மாமா சூடம் அணைக்காத குறையாகச் சொன்னார். அப்பா மட்டும் அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும் இருந்தது. அதைப் பார்த்தார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"சரி, அடைச்சிடு" என்றார்.

மாமா அடைத்தார். மேலே நீல பெயிண்ட். முன்பக்கம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டினார். கண்ணாடியும் மாட்டினார்.

அந்த வாரம் ஒருநாள் நல்ல மழை. பலகை நனைந்திருக்குமோ என்று பரணில் ஏறிப் பார்த்தேன். பலகையை யாரோ கோணிப்பையில் பத்திரமாகச் சுற்றி, ஆபீஸில் ஃபைல் கட்டுகிற வெள்ளை நாடாவால் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்கள். நம் வீட்டில் ஃபைல் கட்டுகிற நாடா யாரிடம் இருக்கும் என்று யோசித்திருக்கலாம். பயந்தவன் எங்கே யோசிக்கிறான்? திருடன் வந்து பார்சல் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், எடுத்துப்போக மறுபடி வருவான் என்று முடிவு கட்டினேன். வந்தால் தேவலை என்றுகூட வேண்டிக்கொண்டேன். தடயம் ஒழியும்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்காரர் டெம்போவோடு வந்துவிட்டார். கறுப்பாக, ஒல்லியாக, கையெல்லாம் கயிற்றுத் தழும்பு. படகை ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். குனிந்து அடியைப் பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. மாமா பெருமையாக, "லீக்கு இருந்திச்சிங்க. பக்காவா அடைச்சிட்டேன்" என்றார்.

"லீக்கு இல்லங்க அது" என்றார் அவர், அழுகிற குழந்தையிடம் பேசுவதுபோல. "பலகை எறங்குற வழி. பலகை தண்ணிக்குள்ள எறங்கி நின்னாத்தான் படகு நேராப் போவும். இல்லாட்டிக் காத்து பக்கவாட்டுல தள்ளிடும். பலகை எங்கங்க?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஓட்டை நான் போட்டதில்லையா? அது முதலிலிருந்தே ஓட்டையா? ஓட்டையோடுதான் படகே செய்வார்களா? சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஓட்டைக்கு நான் பொறுப்பில்லை. பலகைக்கு நான்தான் பொறுப்பு.

பலகை இல்லாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயோஜனமில்லை, புதிதாகச் செய்தாலும் அளவு அமையாது, வேண்டாங்க என்று அவர் சொல்லிவிட்டார். மாமா தார் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அம்மா மனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனத்துக்குள் மோர்ப்பானைகள் ஒவ்வொன்றாக உடைவது எனக்குக் கேட்டது. அப்பா ஒருவர்தான் கலகலப்பாக இருந்தார். "அதனால என்னங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தானே நாற்காலி எடுத்துப் போட்டார். வியாபாரம் முறிந்த வீட்டில் அப்படி ஒரு உபசாரத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஹாஸ்டலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று கொட்டகைக்கு ஓடினேன். கோணியோடு பலகையைத் தூக்கிவந்து புதுச்சேரிக்காரர் காலடியில் போட்டேன். "நான்தான் புடுங்கி ஒளிச்சி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி வரவில்லை. புதுச்சேரிக்காரர் சிரித்தார். அம்மா, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, எல்லோர் முன்னாலும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமாவின் தகரம் இரண்டு தட்டில் பெயர்ந்து வந்தது. பலகை வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. காபி வருவதற்குள் விலை முடிந்துவிட்டது.

அப்பா கோணியை மடித்தார். நாடாவை விரலில் சுற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து, கோபமில்லாத குரலில் கேட்டார்.

"அதை எதுக்குடா இப்ப எடுத்துட்டு வந்தே?"

ஏன் ஒளித்தாய் என்று கேட்டிருந்தால் என்னிடம் நான்கு பதில்கள் தயாராக இருந்தன. ஏன் கொண்டுவந்தாய் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டெம்போவில் படகைக் கட்டப் போய்விட்டார். எல்லோரையும்விட அதிக நேரம், எல்லா முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக் கட்டினார்.

விண்ணப்பம் பூர்த்தியாகவில்லை. அம்மாவின் மோர்க்கடை நன்றாக ஓடியது. டயர்களில் ஒன்றை மட்டும் அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருநாள் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அதன் ஓரமாக அவருடைய செருப்பு ஜோடியாக இருந்தது. அவர் ஆபீஸ் பையோடு டயர்மேல், மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அப்பாவும் பஸ் விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். முன்னால் ஏறி உட்கார்ந்து, நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, செங்கத்துக்கு ஒரு டிக்கெட் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர் செங்கத்துக்குப் போகிற ஆள் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.